கனிசியஸின் கூடுகள்

மகள் நிவேதனா கணினியைத் திருப்பி என் முகத்துக்கு நேரே வைத்தாள். வெளியிட்டுவிட்டாளாம். இனி உலகத்தில் எவரும் அவள் எழுதிய செயலியின் உள்ளே போய்ப் பார்க்கலாம், எடுத்துக்கொண்டும் போகலாம்.

“எவனும் எடுக்கலாமெண்டால் அதென்னடி, சந்தையோ?”

“ஓம் அப்பா. அப்பதானே பிழை கிடந்தால் நாலு பேர் பாத்துத் திருத்துவினம்.”

நாலு பேர் பார்ப்பது எங்கள் தொழிலுக்கு ஆகாது. குருநகரில் நாங்கள் மீன் பிடிக்கும் கம்பிக்கூட்டைக் கடலில் இறக்கினால் மிதப்புக் கட்டுவதில்லை. கட்டினால் எவனாவது தூக்கிவிடுவான். கூடு கிடக்கும் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு வந்து, பிறகு போய், கயிற்றில் கட்டிய கொக்கியான கொளுவியைப் போட்டு இழுத்து எடுப்போம். அந்த இலக்கங்களைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டோம். மகளுடைய செயலி அதே வேலையைப் போனில் செய்யும். ஓட்டிப் பார்க்க உண்மையான இடங்கள் வேண்டுமென்று என்னைக் கேட்டாள். கொடுத்தேன். என்னுடையதை அல்ல.

பக்கத்து வளவுக் கனிசியஸ் குடலிறக்க ஒப்பரேசனுக்குப் போகும்போது தன் ஜிபிஎஸ்ஸை என் கையில் தந்திருந்தான். “நான் வருமட்டும் கூட்டை ஒருக்கால் தூக்கி மீனை எடுங்கோ அண்ணை. உங்களை விட்டால் ஆரிட்டைக் குடுப்பன்?” அப்படியே தூக்கி, மீனை அவன் வீட்டில் கொடுத்தேன்தான். ஆனால் பெற்ற மகளையே நம்பாத நான், அவனுடைய இலக்கங்களை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவை என்னுடையவை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“அந்த நம்பருகள்?” என்று இப்போது கேட்டேன்.

“வெளியிட முதலே அழிச்சிட்டன்.”

அன்றைக்கு நிம்மதியாய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கூட்டுக்குக் கம்பி முடைந்துகொண்டிருக்கையில் வந்து பக்கத்தில் குந்தினாள்.

“ஒரு பிழை விட்டிட்டன் அப்பா. உது நான் எழுதினது, அழிச்சது எல்லாத்தையும் அப்பிடியே சேத்து வைக்கிற களஞ்சியம். இப்ப இருக்கிற பிரதியிலைதான் நம்பர் இல்லை. பின்னுக்குப் போய்ப் பாத்தால் கிடக்குது.”

“உடனை கழட்டு.”

“கழட்டிட்டன். அதுக்குள்ளை ஆரோ ஒராள் முழுசாப் படி எடுத்திட்டார்.”

“ஆர் அவன்?”

“தெரியேல்லை. எந்த ஊரோ.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்கடை கூட்டைக் காட்டிக் குடுத்திட்டன். நல்லா ஏசுங்கோ அப்பா.”

ஏசினால் யாருடைய கூடு என்றும் சொல்லவேண்டும். கம்பியை முறுக்கினேன். நான் பொறுத்துக்கொண்டேன் என்று நினைத்து அவள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தாள். அதையும் குடித்தேன். கடலுக்குப் போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கனிசியஸ் வந்தான். பாரம் தூக்காதே என்று டாக்குத்தர் சொல்லியும் வீட்டில் இருக்கவில்லை. “நான் எஞ்சினைப் பிடிக்கிறன், நீங்கள் இழுங்கோ அண்ணை.” படகில் ஏறினோம். வழியெல்லாம் ஆஸ்பத்திரிச் சோற்றைத் திட்டிக்கொண்டு வந்தான். நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இதிலைதான். போடுங்கோ,” என்றான் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து.

கொளுவி பாசியை வாரிக்கொண்டு வந்தது. மறுபடியும் போட்டேன். வெறும் மண்.

“நீரோட்டம் இழுத்திருக்கும்,” என்றான் கனிசியஸ். “இல்லாட்டி உங்கடை கைக்கு வயசு போயிட்டுது.” சிரித்தவன், தையல் நொந்ததோ என்னவோ, வயிற்றைப் பொத்திக்கொண்டான்.

கயிறு என் விரல்களுக்கிடையே வழுகிப் போய்க்கொண்டிருந்தது. படகு மெல்லத் திரும்பியது. கீழே கொளுவி எதிலோ பட்டுக் கயிறு ஒருகணம் இறுகி, பிறகு தளர்ந்தது. கூடோ, வெறும் கல்லோ, தெரியவில்லை.