அப்பா தூங்கினாரா?

ஜெர்மன் துறையின் இளநிலை மாணவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பகிர்ந்துகொள்ளும் நாள் அது. யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத நாள் என்று மற்றத் துறைக்காரர்கள் அதைப் பெருந்தன்மையோடு மன்னித்திருந்தார்கள்.

அடிக்குறிப்புக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. எதைச் சொன்னாலும் "அதாவது" என்று ஒரு விளக்கத்தை ஒட்டுவதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது. இன்று ஒழுங்காகப் பேசாவிட்டால் இறுதியாண்டில் ஆய்வேடு எழுத இடம் கிடையாது என்று பேராசிரியை சொல்லியிருந்தார். முடிவில்லாமல் நீளும் ஜெர்மன் வாக்கியத்தை முடிவுவரை கேட்டுக் கேட்டுப் பொறுமை பழகியவர். அவரே பொறுமை இழந்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு ஒரு பழைய ஜெர்மன் நகைச்சுவை நாடகத்தைப் பற்றியது. அதில் மாவு மில் நடத்தும் அப்பா ஒருவர் முதல் காட்சியில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவார். திரை விழும்வரை திறக்கமாட்டார். அவர் மகள் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் காதலனோடு ஓடிப்போவாள். மனிதர் நிஜமாகத் தூங்கினாரா, நடித்தாரா?

தூங்கினார் என்பது, எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய வகுப்புத் தோழியின் கட்சி. நடித்தார் என்பது இவன் கட்சி. ஒரு வருடமாகக் கேன்டீனில் தொண்டை கட்டும்வரை சண்டை. இவன் கட்டுரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவளுக்கு மறுப்பு.

அவள்தான் முதலில் பேசினாள். "போன மாசம் வரைக்கும் அவர் தூங்கறார்னுதான் நினைச்சேன். திரும்பப் படிச்சேன். சொத்துப் பேச்சு வரும்போதெல்லாம் குறட்டை நின்னுடுது. நடிக்கிறார். என் கண்ணைத் திறந்த அடிக்குறிப்புக்கு நன்றி."

கைதட்டல். அடிக்குறிப்புக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னடி பண்ணிட்ட?" என்றான், அவள் வந்து உட்கார்ந்ததும்.

"உன் கட்சிக்கு வந்துட்டேன்டா. சந்தோஷப்படு."

"நான் இப்ப யாரை மறுக்கறது?"

"அது உன் பாடு."

மேடையேறினான். தாளில் எந்தப் பக்கம் புரட்டினாலும் 'வக்கீல் கூறுவது தவறு.' வெள்ளத்தில் போகிறவனுக்குத் துரும்பு கிடைத்தாலும் போதும். அவள் கழற்றிப் போட்ட கட்சியையே எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அவர் தூங்கினார்!"

வக்கீல் வாயைப் பிளந்தாள். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். ஆதாரம் தேடி அலைந்த அவன் கண், முன்வரிசையில் சீருடையோடு தலை சாய்ந்திருந்த ஒருவர்மேல் விழுந்தது. தெய்வம் கண் திறந்தது. அந்த ஆள் திறக்கவில்லை.

"இதோ, எங்கப்பா. அதாவது, பெத்த அப்பா. ராத்திரி முழுக்க பஸ் ஓட்டிட்டு நேரா இங்க வந்திருக்கார். உழைச்ச மனுஷன் தூங்கினா இப்படித்தான். இடி விழுந்தாலும் காதுல ஏறாது. மில் நடத்தினவருக்கு மட்டும் என்ன, இரும்பு உடம்பா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அவனுக்குத் தலைக்கேறியது.

"இப்ப நான் படிப்பை விட்டுட்டு ஓடினாக்கூட இவருக்குத் தெரியாது!"

"ஓடிப் பாரு, காலை உடைக்கிறேன்" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

அரங்கம் அதிர்ந்தது. பேராசிரியைக்கே சிரிப்பை அடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சார், அப்ப நீங்க தூங்கலையா?"

"கண்ணுக்குத்தான் ஓய்வு மேடம், காது டூட்டியிலதான் இருக்கு. நான் பார்த்தா இவன் உளறுவான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பையன் பேசணுமேன்னு மூடிக்கிட்டேன்."

"உன் கட்சி இத்தோட காலி" என்றார் பேராசிரியை அடிக்குறிப்பைப் பார்த்து. "வேற ஏதாவது சொல்லணுமா?"

அடிக்குறிப்பு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நடிச்சாராங்கறதையே ஒரு வருஷமாக் கேட்டுட்டிருந்தோம் மேடம். எதுக்குன்னு கேக்கலை. அவர் கண்ணைத் திறந்திருந்தா பொண்ணைத் தடுத்துத்தான் ஆகணும். ஊர் என்ன சொல்லும்? மூடிக்கிட்டா அவ போகலாம். அந்த வீட்ல அவரால கொடுக்க முடிஞ்சது அவ்வளவுதான்."

பேராசிரியை எதையோ எழுதினார். "இதையே ஆய்வேடா எழுது. இடம் உனக்கு."

அவன் இறங்கிவந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா, கேட்டீங்களா? இடம் கிடைச்சுடுச்சு."

பதிலுக்கு ஒரு குறட்டை வந்தது. பஸ் மேடேறுகிற மாதிரி அசல் குறட்டை.

வக்கீல் எட்டிப் பார்த்தாள். "டேய், இது?"

"தொந்தரவு பண்ணாதடி" என்றான் அடிக்குறிப்பு.