ஹார்லனுக்கு வந்த ஏழு மின்னஞ்சல்கள்

காலை ஒன்பது பதினான்குக்கு வில்மா டைக்ஸ்ட்ரா, செத்துப்போன தன் கணவனின் பெயரில் ஒரு வண்டியை விசாரித்தாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. அன்றைய பட்டியலில் பதினொரு கார் விற்பனைக் கூடங்கள். அதனால் பதினொரு பொய் வாடிக்கையாளர்கள் வேண்டும். ஆளுக்கொரு பெயர், ஒரு புது மின்னஞ்சல் முகவரி, நம்பும்படியாக ஒரு கேள்வி. பத்துப் பேரை உருவாக்கி முடித்திருந்தாள். பதினோராவது கட்டத்தில் விரல்கள் தாமாகவே 'ஹார்லன் டைக்ஸ்ட்ரா' என்று அடித்தன. கீழே, 'அந்தச் சாம்பல் நிற பிக்கப் வண்டி இன்னும் இருக்கிறதா? என் படகை இழுக்குமா?'

அனுப்பிவிட்டு, ஆறிப்போன காபியை மைக்ரோவேவில் வைத்தாள். கோப்பை உள்ளே சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் செய்த காரியம் உறைத்தது. உறைத்தது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததுபோலவே இதையும் பார்த்தாள்.

அவன் போனதிலிருந்து, பதினான்கு மாதமாக, எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை, ஒரு நிறுவனத்துக்காகக் கார் கூடங்களை வேவு பார்ப்பது. மஸ்கீகன் ஊரில் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டு, வாங்கப்போகாத வண்டிகளைப் பற்றிக் கேட்டு எழுதுவாள். அப்புறம் பதினான்கு நாள் வாயைத் திறக்கக் கூடாது. எத்தனை நிமிடத்தில் பதில் வந்தது, விலை சொன்னார்களா, நேரில் வர நாள் குறித்தார்களா, விடாமல் துரத்தினார்களா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். விதிகள் இரண்டே இரண்டு. பதில் எழுதக் கூடாது. உண்மையான ஆளின் பெயரை உபயோகிக்கக் கூடாது. இரண்டாவதை மீறினால் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

மீறியதை மேலிடத்தில் சொல்லாமல் விட்டாள். இந்த வேலையும் இல்லையென்றால், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அந்த வீட்டுக்குள் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது.

முதல் மின்னஞ்சல் இரண்டே நிமிடத்தில் வந்தது. 'ஹலோ ஹார்லன்! நல்ல சேதி! உங்க கனவு வண்டி உங்களுக்காகக் காத்துட்டிருக்கு!' இயந்திரம் அனுப்பியது. உடனடிப் பதில், பத்துக்குப் பத்து.

இரண்டாவது, மனுஷன் எழுதியது. எழுபத்தேழு நிமிடம் கழித்து வந்தது.

'நான் கர்ட்டிஸ் பூன்ஸ்ட்ரா. பேரை அடிச்சதும் பழைய கோப்பு வந்துச்சு. ஒம்பது வருஷம் முன்னாடி அந்த நீல வண்டிய உங்க வீட்டுக்கு வித்தது நான்தான். இந்தச் சாம்பல் வண்டி வேண்டாங்க. உங்க படகை இது இழுக்காது. அவசரமே இல்ல. மெதுவா யோசிங்க.'

வில்மாவுக்கு ஆள் ஞாபகம் வந்தது. நீளக் கழுத்து. ஹார்லன் சக்கரங்களை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கையில் ஒரு வெள்ளைப் பெப்பர்மின்ட்டை வைத்தவர். சர்ச்சில் பிரசங்கம் நீளும்போது வரிசையில் கைமாறுமே, அதே மிட்டாய்.

படிவத்தை நிரப்பினாள். தாமதம், பூஜ்யம். விலை சொல்லவில்லை, பூஜ்யம். நேரில் அழைக்கவில்லை, பூஜ்யம். வாங்க வந்தவரைத் தடுத்தது, அதற்கும் பூஜ்யம். மிச்சத்தைக் கூட்டினால் நூற்றுக்கு முப்பத்தொன்று.

மதியம் அட்லாண்டாவிலிருந்து மேற்பார்வையாளர் ஜனெல் கூப்பிட்டாள். வழக்கமான விசாரிப்புகளுக்குப் பிறகு, மஸ்கீகன் கூடத்தின் கோப்பை மட்டும் கவனமாகப் பார்க்கச் சொன்னாள். அந்த கர்ட்டிஸ் போன தடவை நாற்பத்து நான்கு. இரண்டாவது முறையும் ஐம்பதுக்குக் கீழே போனால் கூடத்துக்காரர்கள் ஆளை அனுப்பிவிடுவார்களாம்.

"பாவம், அறுபது வயசிருக்கும். மனுஷன் மெயிலா எழுதறார்? மாமியாருக்குக் கடுதாசி எழுதற மாதிரி எழுதறார். விலையச் சொல்லி, சனிக்கிழமை வாங்கன்னு ஒரு வரி போட்டுத் தொலைச்சா என்ன, மிஸ் வில்மா?"

"போடத் தெரியாம இருக்காது," என்றாள் வில்மா.

"இந்தத் தடவை எப்படி?"

"இன்னும் பதினாலு நாள் இருக்கு."

இரண்டாம் நாள் இயந்திரம் எழுதியது: 'ஹார்லன், இன்னும் யோசிக்கிறீங்களா?' நான்காம் நாள்: 'ஹார்லன், உங்களை மிஸ் பண்றோம்!' ஏழாம் நாள்: 'ஹார்லன், எங்க மேல ஏதாவது கோபமா?' ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் போட்டாள். நான்காம் நாள் வந்ததைப் படித்தபோது டப்பா சூப் அடுப்பில் இருந்தது. வந்த நேரத்தை எழுதிவிட்டுப் போய் அடுப்பைக் குறைத்தாள்.

ஒன்பதாம் நாள் மாலை ஆறாவது மின்னஞ்சல். இது மறுபடி கர்ட்டிஸ்.

'வில்மா, இது நீங்கதான்னு நெனைக்கிறேன். ஹார்லன் போன சேதிய அப்பவே பேப்பர்ல பார்த்தேன். போன வீட்டுக்காரர் பேர்ல எழுதறது ஒண்ணும் புதுசில்ல, வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் எழுதத்தான் செய்யறாங்க. மெஷின் அனுப்பற கடுதாசியெல்லாம் நிறுத்தச் சொன்னேன், மேல இருக்கறவங்க முடியாதுன்னுட்டாங்க. மன்னிச்சிருங்க. இந்த நேரத்துல ஒரு வண்டிய உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரல. அதான் விலை சொல்லல, வரச் சொல்லவும் இல்ல. படகை வித்துருங்கன்னும் சொல்ல மாட்டேன். அது உங்க இஷ்டம்.'

இரண்டு தடவை படித்தாள். எழுந்துபோய் மேசையைத் துடைத்தாள். சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் போட்ட பூஜ்யங்கள் அத்தனையும் அவளுக்காக அந்த ஆள் வாங்கிக்கொண்டவை. அவள் அந்தப் பெயரை அடிக்காமல் இருந்திருந்தால், அவரும் எல்லாரையும் போல விலையும் சனிக்கிழமையும் எழுதியிருக்கலாம்.

எதுவும் செய்யவில்லை. ஐந்து நாள் போயிற்று.

பதினான்காம் நாள் காலை பதினொன்றுக்கு ஏழாவது, கடைசி மின்னஞ்சல். பதில் போடாதவர்களுக்கு எல்லாக் கூடங்களும் கடைசியாக அனுப்புவது இதைத்தான். அனுப்பாமல் விட்டால் கூடத்துக்கு மதிப்பெண் போய்விடும். 'ஹார்லன், உங்களிடமிருந்து தகவலே இல்லை. உங்கள் கோப்பை மூடிவிடலாமா?' அடியில் இரண்டு பொத்தான்கள். 'ஆமாம், மூடுங்கள்.' 'இல்லை, இன்னும் தேடுகிறேன்.'

ஐந்து மதிப்பெண். மொத்தம் நாற்பத்திரண்டு. 'சமர்ப்பி' என்ற பட்டன் பச்சையாக மாறியது. அதை அழுத்தினால் வெள்ளிக்கிழமைக்குள் கர்ட்டிஸின் மேசை காலி.

வில்மா ஜனெலைக் கூப்பிட்டாள்.

"மஸ்கீகனைச் செல்லாதுன்னு போடு. ஹார்லன் என் வீட்டுக்காரர் பேரு."

ஜனெல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் கேக்கல, நீங்க சொல்லல. மார்க்கை அனுப்பிட்டு அடுத்த லிஸ்ட்டைப் பாருங்க, மிஸ் வில்மா. உங்களை மாதிரி ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"அனுப்பினா அவர் வேலை போயிடும்."

"யார் கேட்டாலும் அவர் அப்படித்தான் எழுதுவார்."

"இல்லம்மா. அது எனக்குன்னு எழுதினது."

"செல்லாதுன்னு போட்டா காரணம் எழுதணும். எழுதினா உங்களை எடுக்கணும். புரியுதா?"

"புரியுது. எடுத்துடு."

ஜனெல் விசைப்பலகையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. ஏப்ரலில் அடுத்த சுற்று வரும்போது வேறு யாராவது புதுப் பெயரில் அந்த ஆளுக்கு எழுதுவார்கள், அதுவரைக்கும் அவர் நாற்காலி பத்திரம் என்றாள். அதற்கப்புறம் அவர் பாடு.

"நீங்க பகல்லாம் என்ன செய்வீங்க?"

"தெரியல."

பத்து நிமிடத்தில் பட்டியல் திரையிலிருந்து மறைந்தது. படிவங்கள் போயின. ஹார்லனின் மின்னஞ்சல் பெட்டி மட்டும் இன்னும் மூடப்படாமல் கிடந்தது, கடைசிக் கேள்வி அதில் திறந்தபடியே இருந்தது.

'ஆமாம், மூடுங்கள்' என்பதை வில்மா அழுத்தினாள்.

'நன்றி, ஹார்லன். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்' என்று திரையில் வந்தது.

பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பத்திரண்டு. குறித்துவைக்கக் கட்டம் எதுவும் இல்லை.