முந்தானையில் இன்னொரு பெயர்

1

இந்தக் கதை மாடி வீட்டுத் தாவீதிடமிருந்து வந்தது. அவனைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கேட்டபோது அவன் முகம் போன விதத்தைப் பார்த்து, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தாவீது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். நான் ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் நேரத்தில், தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பான். அன்று நிற்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாப்பா, லீவா?"

"இல்ல சார். யாரும் வராதேன்னு சொல்லல. நானேதான் போகல. போனா எல்லாரும் பாப்பாங்க."

ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவன் கம்ப்யூட்டர் நிரல் எழுதிக் கொடுத்திருந்தான். மண்டபத்தைப் பதிவு செய்கிறவர்களுக்கு, "உங்கள் முகூர்த்தம் இந்த மண்டபத்தில் உறுதி" என்று போனில் செய்தி போகும். நன்றாக ஓடியதால் அதே நிரலை வேறொரு மண்டபத்துக்கும் கொடுத்தார்கள். அங்கே பதிவு செய்தவர்களுக்கும் முதல் மண்டபத்தின் பெயரிலேயே செய்தி போய்விட்டது. ஏமாந்துவிட்டோம் என்று அந்த இரண்டாவது மண்டபத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து சண்டை பிடித்திருக்கிறார்கள்.

"இடத்துக்கு இடம் மாறுற எதையும் நிரலுக்கு உள்ள எழுதக் கூடாது சார். அது ஓடுற மெஷின்ல, அதான் சர்வர்ல, நிரலுக்கு வெளியில ஒரு இடம் இருக்குது. சூழல் மாறின்னு சொல்லுவாங்க. மண்டபத்துப் பேரை அங்க வெச்சிடணும். நிரல் அங்க கேட்டுத் தெரிஞ்சிக்கும். இந்த ஊர் மெஷின் இந்தப் பேர் சொல்லும், அந்த ஊர் மெஷின் அந்தப் பேர் சொல்லும். நிரல்ல ஒரு எழுத்து மாத்த வேணாம்."

"நீ அப்படி எழுதலியா?"

"எழுதினேன் சார். கூடவே ஒண்ணு சேத்தேன். வெளியில ஒண்ணும் வெக்கலன்னா இந்தப் பேரைப் போட்டுக்கோன்னு, முதல் மண்டபத்துப் பேரை உள்ளயே எழுதிட்டேன். ரெண்டாவது இடத்துல நான் பேர் வெக்கணும். மறந்துட்டேன். அது நிக்கல சார், கத்தல. சத்தம் போடாம உள்ள இருந்த பழைய பேரை எடுத்துக்கிச்சு."

இதைச் சொல்லும்போது அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். போகிறபோக்கில் ஒன்று சொன்னான்: அந்த மண்டபத்து கவுன்ட்டரில் உட்காரும் அம்மா அன்று பொழுதுக்கும் வந்தவர்களிடமெல்லாம் திட்டு வாங்கினார்களாம்.

2

முதலில் அவன் கதையை அப்படியே எழுதப் பார்த்தேன்.

"சர்வர் அறையில் சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. தாவீது மெல்ல —"

சர்வர் அறையை நான் கண்டதில்லை. விளக்கு மினுக்குமா என்று கூடத் தெரியாது. தெரியாததை அழகாக எழுதுவது ஒரு பொய். அடித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது தறி. ஆகவே கதையை இதே பெரிய காஞ்சிபுரத்தில், 1972க்குக் கொண்டுபோகிறேன். (வாசகர் முணுமுணுப்பது கேட்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்கம் அப்போதும் இதே மாதிரிதான் இருந்தது.)

பட்டுத் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகளை வரிசையாக நூலால் கோத்து அதில் மாட்டுவார்கள். எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதை அட்டையின் துளைகள் தறிக்குச் சொல்லும். ஒரு அட்டைக்கட்டு என்பது ஒரு டிசைன். ஒரு வீட்டில் நெய்து முடித்ததும் அடுத்த வீட்டுத் தறிக்குப் போகும். மணப்பெண்ணின் பெயரை முந்தானையில் நெய்யச் சொல்கிறவர்கள் அந்த நாளில் உண்டு. அதற்கான அட்டைகளைத் தனிக் கட்டாகக் கோத்துத் தருவார்கள். பெரிய கட்டில் அந்த இடம் வந்ததும் நெசவாளர் நிறுத்தி, பெயர்க் கட்டை மாட்டி நெய்துவிட்டு, கழற்றி வைத்துவிடுவார்.

தாவீது சொன்ன சூழல் மாறியும் இதுவும் ஒன்றுதானா என்று அவனிடம் கேட்டேன். "ஏறக்கொறைய சார்" என்றான். ஏறக்குறைய போதும், கதைக்கு.

3

கண்ணாயிரம் டிசைன் வரைந்து அட்டையில் துளை போடுகிறவர். நாற்பது வயது இருக்கும். அவரை முதல் வரைவில் கர்வம் பிடித்தவராக எழுதினேன். கர்வம் உள்ளவன் விழுந்தால் படிக்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பே கூசியது. மனிதரைக் கீழே தள்ளுவதற்காகவே மேலே ஏற்றி வைக்கிறேனா?

இப்போது உள்ள கண்ணாயிரம் நல்ல மனிதர். தறிக்காரர்களிடமெல்லாம், "பேரைப் பெரிய கட்டுல சேக்காதீங்கபா. பூ எல்லாருக்கும் பொது, பேரு ஒருத்தருக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்.

அவரே ஒரு தடவை சேர்த்துவிட்டார். அது ஜெயம்மாளின் கல்யாணப் புடவை. ஜெயம்மாளின் அப்பா அவருடைய சிநேகிதர். அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு கருடசேவை காட்டியவர் கண்ணாயிரம். மாங்காயும் மயிலுமாக ஒரு புது முந்தானை வரைந்து, "இந்த டிசைன் இன்னொருத்திக்குப் போகாது" என்று சொல்லி, பெயர் அட்டைகளையும் பெரிய கட்டிலேயே சேர்த்துக் கோத்தார். அன்பினால் செய்தது.

கல்யாணமான மறு வருஷம் ஜெயம்மாளின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அவள் பிறந்த தெருவுக்கே திரும்பி வந்து, குமாரவேல் வீட்டுத் தறிக்கு ராட்டினத்தில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அட்டைக்கட்டு பரணில் கிடந்தது.

சில வருஷம் கழித்து அடுத்த தெரு அரிசி மண்டி வீட்டுக் காமாட்சியம்மாள் கண்ணாயிரத்திடம் வந்து, மகள் கலாவதி கல்யாணத்துக்கு அந்த மாங்காய் மயில் முந்தானைதான் வேண்டும் என்று கேட்டார். பெயர் நெய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. இவ்வளவு நாள் கழித்து ஒரு டிசைனைக் கேட்டு வந்தார்களே என்ற சந்தோஷத்தில் கண்ணாயிரம் கட்டை இறக்கித் தூசி தட்டிக் குமாரவேலிடம் கொடுத்தார். பெயர் தனிக் கட்டில்தான் இருக்கும் என்பது அவர் கையில் ஊறிய பழக்கம். அதை நம்பி, பிரித்துப் பார்க்கவில்லை.

குமாரவேல் நெய்தார். அவர் தறியில் புடவையின் முகம் கீழே பார்க்கும். நெய்கிறவர் காண்பது முதுகுப்புறம். எழுத்து ஓடுவதைப் பார்த்தார். மணப்பெண்ணின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

4

(இந்தக் காட்சியை எழுதாமல் தாண்டிப் போகத்தான் ஆசை.)

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. காமாட்சியம்மாளும் கலாவதியும் புடவை வாங்க வந்தார்கள். நேரே அம்மன் சந்நிதிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போவதாக ஏற்பாடு. குமாரவேல் பாயை விரித்து முந்தானையைப் பிரித்தார். உள்ளே ராட்டினம் ஓடும் சத்தம்.

"இன்னாப்பா குமாரவேலு, இது யாரு பேரு?"

"பொண்ணு பேருதானேம்மா."

"எம் பொண்ணு கலாவதி. இதுல ஜெயம்மாள்னு இருக்குது. உனக்கு எழுத்து தெரியாதா, இல்ல கண்ணே தெரியாதா?"

"முதுகுப்பக்கம் பாத்துக்கினு நெய்யறவனுக்கு எல்லா எழுத்தும் ஜாங்கிரி மாதிரிதாம்மா தெரியும்" என்று குமாரவேல் சிரித்தார். யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"எந்த ஜெயம்மா?" என்று காமாட்சியம்மாள் கேட்டார். கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. "சிவசிவா. அந்த ஜெயம்மாவா?"

ராட்டினம் நின்றது.

கண்ணாயிரத்துக்கு ஆள் போயிற்று. வந்தார். முந்தானையைப் பார்த்தார். பெயரின் மேல் கையை வைத்து மூடினார், மூடினால் போய்விடும் என்பது போல.

"பேரு தனியாத்தான் இருக்கும்..." என்று ஆரம்பித்தார். "என் தப்புதாம்மா. நான்தான் சேத்துக் கோத்தேன். மறந்துட்டேன்."

"பூ ஒண்ணு கோணலா போச்சுன்னா அது தப்பு. இது அபசகுனம்பா. தாலி ஏறுற நேரத்துல எம் பொண்ணு தோள் மேல இந்தப் பேரா?"

அபசகுனம் என்ற சொல்லை எடுத்துவிட முயன்றேன். காமாட்சியம்மாள் கெட்டவர் அல்ல. தன் பெண்ணுக்காகப் பயந்தவர். "இது சரியில்லைபா" என்று மாற்றிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அவர் அந்தச் சொல்லைத்தான் சொன்னார், உள்ளே இருந்தவள் கேட்கும்படி.

கண்ணாயிரம் நிமிரவே இல்லை. வெட்கத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அது தலையைக் குனிந்துகொள்ளும். குனிந்தவர் கண்ணுக்குத் தன் கால்தான் தெரியும். யாருக்கு அடிபட்டது என்று தெரியாது. உள்வாசலில் ஜெயம்மாள் வந்து நின்றதைக் கண்ணாயிரம் பார்க்கவில்லை.

"பேரை மட்டும் எடுத்துடலாம்மா" என்று தரையைப் பார்த்தே சொன்னார். "ஜரிகை பட்டு மேல தனியா ஓடுறதுதான். பின்னாடி திருப்பி, ஊசியால நெம்பி இழை இழையா உருவினா வந்துடும். வெயில்ல புடிச்சுப் பாத்தா லேசா தடம் தெரியும். அவ்ளோதான். ஆனா மெல்லிசா வேலை செய்யற கை வேணும். என் கை அட்டை போடற கை."

அப்போது ஜெயம்மாள் சொன்னாள்.

"நான் எடுத்துக் குடுக்கறேங்க. எம் பேருதானே."

5

முதலில் எழுதிய முடிவு இது: ஜெயம்மாள் வாசலுக்கு அருகில், வெளிச்சத்தில் உட்கார்ந்து தன் பெயரைத் தானே உருவுகிறாள். பொன் இழைகள் அவள் மடியில் சேர்கின்றன. காமாட்சியம்மாளுக்குக் கண் கலங்குகிறது. எல்லோரும் அவள் பெரிய மனசைப் புகழ்கிறார்கள். புடவை கோயிலுக்குப் போகிறது.

எழுதிவிட்டு நானும் அழுதேன். மறுநாள் காமாட்சியம்மன் சந்நிதியில் நின்றபோது, அந்த அழுகையை நினைத்து எனக்கு உடம்பு கூசியது. கதையில் தப்பு செய்யாத ஒரே ஆள் அவள். கோத்தது கண்ணாயிரம், பிரித்துப் பார்க்காமல் கொடுத்ததும் அவர், வாயில் வந்ததைச் சொன்னது காமாட்சியம்மாள். ஊசியை நான் யார் கையில் கொடுத்தேன்? அதைப் பார்த்து இன்பமாக வேறு அழுதிருக்கிறேன். அவளைத் தெய்வமாக்கிவிட்டால் மற்றவர்கள் அனைவரும் சௌக்கியமாக வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

அம்பாளிடம் அன்று ஒன்றும் கேட்கவில்லை. குங்குமம் கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

6

வேறு முடிவு எழுதிப் பார்த்தேன்.

கலாவதி எழுந்து, "அம்மா! ஒரு பெண்ணின் பெயர் எப்படி அபசகுனம் ஆகும்? இந்தச் சமூகம் —"

வேண்டாம். நாளைக்குக் கல்யாணம் ஆகப்போகிற பெண், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு இப்படிப் பேசமாட்டாள். இது என் குரல். அவள் வாயில் வைத்திருக்கிறேன்.

கண்ணாயிரம் வேறு புடவை நெய்து தருகிறார் என்று —

ஒரு நாளில் எந்தத் தறியும் நெய்யாது.

ஆனால் கலாவதியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று இருக்கிறது. அம்மா புடவைக்குச் சொல்லக் கிளம்பியபோது அந்த முந்தானையைக் கேட்டதே அவள்தான், யாருடையது என்று சொல்லாமல். ஜெயம்மாள் கல்யாணத்தில், பந்திக்கு நடுவே மணப்பெண்ணின் பின்னால் போய் நின்று, அந்த மயிலைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஜெயம்மாள் திரும்பிப் பார்த்து, "கை கழுவினியாடி?" என்று கேட்டுச் சிரித்தாளாம். அந்த நாளிலிருந்து மனசில் இருந்தது. ஆகவே பெரிய பேச்செல்லாம் அவளுக்கு வேண்டாம். "நான்தாம்மா ஜெயாக்காவோடது மாதிரி வேணும்னு கேட்டேன்" என்று சொன்னால் போதும். நடந்ததைச் சொல்வதற்குப் பெரிய தைரியம் வேண்டியதில்லை, சின்னது போதும்.

அதைச் சொல்வாளா? நானே அவள் வாயில் எழுதிவிடலாம். ஆனால் நான் எழுதினால் அவள் சொன்னதாகாது.

7

இவ்வளவையும் தாவீதுக்குப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துத் தாள்களை அடுக்கினான்.

"சார், கம்பெனியில எல்லார்கிட்டயும் சாரி சொல்லிட்டேன். அந்த கவுன்ட்டர் அம்மாகிட்ட சொல்லவே இல்ல. அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது."

"கேட்டுத் தெரிஞ்சிக்கோ."

போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

அவன் தன் நிரலைத் திருத்திவிட்டானாம். இனி உள்ளே பெயர் எதுவும் இருக்காது. வெளியிலிருந்து பெயர் வராவிட்டால் நிரல் ஓடாமல் நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நல்லது என்கிறான். என் கதையையும் அப்படித் திருத்த முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. கதை நிற்காது. நிஜத்தில் அந்தத் தெருவும் நிற்காது, கல்யாணம் நாளைக்கு.

ஆகவே முடிவுக்கான இடத்தைத் திறந்து விட்டிருக்கிறேன். ஜெயம்மாள் வாசலுக்கு அருகில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். முந்தானையைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணாயிரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குமாரவேல் பாயின் ஓரத்தைச் சரிசெய்கிறார். காமாட்சியம்மாளுக்கு, தான் சொன்ன சொல் இப்போதுதான் காதில் விழுந்தது போல இருக்கிறது. கலாவதியின் உதடு அசைகிறது. வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள்.

இவர்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம். சின்னதாக ஒரு வார்த்தை போதும். "இரும்மா" என்றால் கூடப் போதும்.

இந்தக் கதைக்குள்ளும் ஒரு பழைய முடிவு கோத்துக் கிடக்கிறது. அதை நான் போட்டது என்றும் சொல்ல முடியாது, முன்பே இருந்தது. வெளியிலிருந்து ஒன்றும் வராவிட்டால் கதை சத்தம் போடாமல் அதையே எடுத்துக்கொள்ளும்.

அவள் ஊசியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறாள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், அது முதல் எழுத்தில் இறங்கும்.