எடித்தின் பங்கு

கிளெம் கோபத்தில் எறிந்த பூமராங் எட்டு வருடங்களாகத் தரையிறங்கவில்லை. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில், வில்கானா ரயில் நிறுத்தத்தை ஒட்டிய குடியிருப்பை அது நாளுக்கு நான்கு முறை சுற்றிவந்தது. முதல் சுற்றுக்கு ஜனங்கள் தேநீருக்கு நெருப்பு மூட்டினார்கள். அது கங்காருவின் காலை முறிக்கச் செய்த கனத்த வேட்டைத் தடி, திரும்பி வரும் வகையே அல்ல என்பது மட்டும்தான் சிலருக்கு உறுத்தலாக இருந்தது.

முல்கா மரத்தின் வேர்முட்டியில் அதை வெட்டிச் செதுக்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதன்மேல் ஓர் ஆண் ஈமுவைச் சுட்டு வரைந்திருந்தான் கிளெம். ஈமுக்களில் அடைகாப்பது ஆண்தான். தடியை எறிந்த அன்று அவனுக்கு ஒரு கங்காருவும் கிடைத்திருந்தது. அவர்கள் வழக்கப்படி, வேட்டையாடியவன் முதலில் மாமியாருக்குத் தொடைக்கறியை அனுப்ப வேண்டும். அவனோ மாமியார் எடித்துக்குச் சேர வேண்டிய தொடையை ரயில் சமையல்காரனுக்குக் கொடுத்துப் புகையிலை வாங்கிவிட்டான். மனைவி தெல்மாவின் தம்பி ரெஜ் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "எங்கம்மா பங்கு நல்லாப் புகையுதா மச்சான்?"

சிரிப்பு அடங்கும் முன்பே தடி கையைவிட்டுப் போயிருந்தது. ரெஜ்ஜின் காதை உரசி, சிற்றாலயச் சிலுவைக்கு மேலே எழும்பி, அங்கேயே திரும்பிக்கொண்டது. மறுநாள் ரெஜ் தொலைவிலுள்ள ஆட்டுப்பண்ணைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

வருடத்துக்கு ஒரு முழமாகத் தடி இறங்கிவந்தது. ஏழாம் வருடம், பெரியவர்களைப் பார்த்து, குழந்தைகள் நடக்கப் பழகும்போதே குனியவும் பழகினார்கள். எட்டாம் வருடம் அது ஆள் நெஞ்சு உயரத்தில் பறந்தது. ரெஜ்ஜுக்காகத்தான் அது காத்திருக்கிறது என்று கிளெம்முக்குத் தெரியும். மாமியாரிடம் மருமகன் பேசக்கூடாது, முகத்தைப் பார்க்கவும் கூடாது. ஆனால் கறியை எந்த நாளும் அனுப்பியிருக்கலாம். நாளை நாளை என்று தள்ளியதில் வெட்கம் கறியைவிடக் கனத்துப்போனது. தடி விழ வேண்டும் என்று ஞாயிறுதோறும் ஜெபித்தான். தொடைக்கறியைப் பற்றிக் கடவுளிடம் வாய் திறக்கவில்லை.

அந்த வாரம் தெல்மா சொன்னாள்: "அம்மாவுக்கு முடியல. தம்பி வெள்ளிக்கிழமை ரயில்ல வர்றான்."

வியாழனன்றே தடியின் வட்டம் குறுகியது. குளவிபோல இரைய ஆரம்பித்தது. யாரும் வெளியே வரவில்லை.

வெள்ளி விடிகாலையில் கிளெம் வேட்டைக்குப் போனான். கிடைத்த கங்காருவைக் குழியில் முறைப்படி சுட்டு, தொடையை எடித்தின் குடிசைக்கு இருபதடி தள்ளி ஒரு கட்டையின்மேல் வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். தொலைவில் ரயில் ஊதியது. உள்ளே எடித் தன் நாயிடம் பேசும் குரல் கேட்டது.

"நாயே, வெளிய முதுகக் காட்டி நிக்கிறவர்கிட்டச் சொல்லு. கறி இன்னும் ஆறல. எம்புள்ள வர்றான், அவனையும் சாப்பிடக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு."

"ஆகட்டும்னு சொல்லு நாயே" என்றான் கிளெம். பிறகு ரயிலை நோக்கி ஓடினான்.

ரெஜ் பையோடு தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து தடி நேராக அவனை நோக்கி வந்தது. கிளெம் குறுக்கே போய் நின்றான்.

"குனி மச்சான்."

"மொதல்ல நீ குனி" என்றான் ரெஜ்.

கிளெம் குனியவில்லை. இரண்டு கைகளையும் விரித்து நீட்டினான். தடி வேகம் தணிந்து, சாம்பலிலிருந்து எடுத்த ரொட்டிபோல, அதே சூட்டோடு அவன் உள்ளங்கைகளில் உட்கார்ந்தது.

ரெஜ் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மரத்தில் ஈமுவுக்குப் பின்னால் உடம்பெல்லாம் வரிகளோடு எட்டுக் குஞ்சுகள் நின்றன. யாரும் அவற்றைச் சுட்டு வரைந்திருக்கவில்லை.

"ஒன் ஈமு குஞ்சு பொரிச்சிருச்சு மச்சான்" என்றான்.

எடித், ரெஜ், கிளெம் மூவரும் அன்று ஒரே கறியைத் தின்றார்கள், கிளெம் மட்டும் வெளியே முதுகு காட்டி உட்கார்ந்து. எடித் தேறிவிட்டாள். தடி அவளிடமே தங்கியது. அதை வைத்துத் தணல் கிளறினாள். பங்கு வரத் தாமதமானால் அது சாம்பலுக்குள் லேசாக இரையும், கிளெம் எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொள்வான். ரயில் பயணிகள் விலை கேட்டால், விற்பதற்கில்லை என்று எடித் நாயிடம் சொல்லிவிடுவாள். அடுத்த மழைக்குள் குஞ்சுகளின் வரிகள் மறைந்துவிட்டன. வளர்ந்தால் ஈமுவுக்கு வரி போய்விடும், அவை வளரும் வயது.