இடது கையின் அளவு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தையல் கடையில், சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில். முழுக்கதையும் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு வாக்கியம்தான். தையல்காரம்மா என் வலது கையை அளந்தார். பிறகு இடது கையையும் அளந்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே, "ஒரு கையை அளந்துட்டு இன்னொண்ணை நம்பக் கூடாதுங்க. நான் பட்டிருக்கேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அந்த 'பட்டிருக்கேன்' வீடு வரைக்கும் கூடவே வந்தது. மற்றதெல்லாம் நானே வெட்டித் தைத்தது. தையல் கோணலாக இருந்தால் திட்டு எனக்குத்தான், அந்த அம்மாவுக்கு இல்லை.

2

ஆரம்பத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

'வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் மனதுக்குள்ளும்—'

(வேண்டாம். மழை பெய்யும் கதைகளில் ஆட்கள் சும்மா ஜன்னலோரம் நிற்பார்கள். இவளுக்குத் தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது.)

'குற்ற உணர்வு என்பது—'

(இது கதையா, கட்டுரையா? அடித்தேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு அப்போது பத்து வயது, தங்கைக்கு நாலு. அக்கா ஆசை ஆசையாகப் பொம்மைக்குத் தைத்த கவுனைத் தங்கை கத்தரிக்கோலால் இரண்டு துண்டாக்கிவிட்டாள். அக்கா கையில் சூடான இஸ்திரிப்பெட்டி. அதைத் தங்கையின் இடது முழங்கைக்குக் கீழே வைத்தாள். அலறலைக் கேட்டு அம்மா ஓடிவந்தபோது, "அவளே வந்து விழுந்துட்டாம்மா" என்றாள். திட்டு வாங்கியதும் தங்கைதான்.

(அந்த 'வைத்தாள்' என்னை ரொம்பப் படுத்தியது. 'கை தவறிப் பட்டுவிட்டது' என்று எழுதியிருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஆனால் கை தவறியதற்கு ஆறுதல் போதுமே, மன்னிப்பு எதற்கு? ஆகவே, வைத்தாள்.)

3

இப்போது அக்கா சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒடுக்கமான அறை. இரண்டு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, மூலையில் திரை போட்ட மறைப்பு. அவள் தைத்த துணியில் சுருக்கமோ தொய்வோ கண்டவர்கள் இல்லை.

ஒருத்தியைத் தவிர. தங்கையின் துணிகள் மட்டும் எப்போதும் முழுக்கை. அவற்றின் இடது கையும் எப்போதும் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும். காரணம் இதுதான்: அக்கா தங்கையின் இடது கையை ஒருநாளும் அளந்ததில்லை. வலது கையை அளந்து, அதையே இடதுக்கும் வெட்டிவிடுவாள். சூடுபட்ட கை இளைத்துப் போயிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. பார்த்தால்தானே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒன்றாகத்தான் ஆலயத்துக்குப் போவார்கள். அக்கா எப்போதும் தங்கைக்கு வலப்பக்கமாக உட்கார்ந்துகொள்வாள். கண்ணை மூடினால் ஒரே ஜெபம்: "ஆண்டவரே, என்னை மன்னிச்சிடும்." வாராவாரம் கேட்டாள். கடவுளிடம் கேட்பதில் ஒரு வசதி, அவர் போய்த் தங்கையிடம் சொல்லமாட்டார். நாலு வயதுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

(இந்த இடத்தில் போதகரை வரவழைத்து, அவர் வாயில் ஒரு பக்கப் பிரசங்கம் வைத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்துப் போட்டேன். போதகர் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல மனுஷர்.)

4

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் வெள்ளைத் துணியோடு கடைக்குள் வந்தாள்.

"அக்கா, புது ரூல் போட்டுட்டாங்க. முழங்கைக்குக் கீழ துணியே இருக்கக் கூடாதாம், கிருமி ஒட்டுமாம். அரைக்கை வச்சுத் தச்சுக் குடு."

அக்காவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. "அதெப்படிடி? தோல் நிறத்துல ஒரு உறை மாதிரி தச்சுத் தர்றேன். உள்ள போட்டுக்கோ, யாருக்கும் தெரியாது."

"அதுவும் துணிதானே அக்கா? முதல்ல அளவெடு."

திரைக்குப் பின்னால் போய்த் தங்கை இடது கையின் துணியை மேலே சுருட்டினாள். உள்பக்கம் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. தொளதொளத்த துணியை அதுதான் பிடித்து வைத்திருந்தது.

"இது என்னடி ஊக்கு?"

"எல்லாச் சட்டைலயும் இருக்கு. நீ தைக்கிற இடது கை என்னைக்கு எனக்குப் பொருந்தியிருக்கு?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, நீ அளக்கணுமே."

ஊரே மெச்சும் தையல்காரி அந்த ஊக்கைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு, இத்தனை காலம் கடவுளிடம் மட்டுமே சொன்னதைச் சொன்னாள்.

"நீ விழலடி. நான்தான் வச்சேன்."

"தெரியும்."

"எப்பலருந்து?"

"வச்சப்பலருந்துதான். சுட்டது எனக்குத்தானே?"

5

இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது.

முதல் வழி: தங்கை ஆத்திரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, துணியை வீசி எறிந்துவிட்டுப் போகிறாள். அக்கா கடையை இழுத்து மூடுகிறாள். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

இரண்டாவது: அக்கா அதே இஸ்திரிப்பெட்டியைத் தன் கையில்—

சீ. எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தண்டனை கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும், கதையும் கச்சிதமாக முடியும். மன்னிப்பு அப்படியில்லை. அது எழுதுகிறவனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எங்களைப் போன்றவர்கள் ஆட்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே பெயர் வாங்கியவர்கள். கூண்டைத் திறந்துவிட்டால் எங்களுக்கு என்ன வேலை? இருந்தாலும் திறக்கிறேன். இந்தக் கதையில் எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை ஒத்துக்கொள்வதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

6

அக்கா முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அழாதக்கா. சின்னப் பிள்ளையில கோவம் இருந்துச்சு, இல்லேங்கல. உன் ஜாமெட்ரி பாக்ஸைக் கிணத்துல போட்டது நான்தான்."

"நீயா?"

"நானேதான். கோவம் அப்பவே போயிடுச்சு. ஆனா என் கையைப் பாக்குறப்ப உன் முகம் போற போக்கு இருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியல. அதனாலதான் மூடினேன். எனக்காகன்னா நெனச்ச?"

"வாராவாரம் கேக்குறேண்டி, மன்னிச்சிடும்னு."

"முதல் வாரமே மன்னிச்சிருப்பாரு. முடிச்ச துணியை வாராவாரம் பிரிச்சுக் கொண்டுபோய் நீட்டினா, அவரும்தான் என்ன செய்வாரு?" தங்கை கையை முன்னால் நீட்டினாள். "இயேசு செத்து எழுந்து வந்தப்ப அவர் கைல இருந்த ஆணித்தழும்பு போயிடுச்சா? அவர் நெனச்சிருந்தா வழுவழுன்னு வந்திருக்கலாம். அப்படியேதான் வந்தாரு. மூடலை. பயந்துபோய்க் கிடந்தவங்ககிட்டயே காட்டினாரு. இந்தா, அள."

அக்கா நாடாவை எடுத்தாள். தோளிலிருந்து ஆரம்பித்தாள். முழங்கை மடிப்பில் விரல் தயங்கியது. பிறகு தழும்பின் மேலேயே நாடாவைச் சுற்றிப் பிடித்தாள். தழும்பு வெதுவெதுப்பாக, மற்ற தோலைப் போலத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவுக்கா இத்தனை வருஷம்!

"அரைக்கைக்கு அதுவரைக்கும் எதுக்கு அளக்குற?" என்றாள் தங்கை.

"சும்மா இருடி. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

7

அடுத்த ஞாயிறு அக்கா தங்கைக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். பழக்க தோஷம், உதடு தானாகவே ஆரம்பித்தது: "ஆண்டவரே, என்னை மன்—"

அங்கேயே நிறுத்தினாள். பிறகு, "நன்றி" என்றாள்.

(இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்கள் பல உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான். இதை நிறுத்தியது நான் இல்லை.)

8

முடிவு எங்கே என்று கேட்பீர்கள். மறுநாளே அவளுக்குப் பழைய பயம் திரும்பியதா? ஆஸ்பத்திரியில் யாராவது அந்தக் கையை உற்றுப் பார்த்தார்களா? அதையெல்லாம் எழுதுவதாக இல்லை.

சட்டை வாங்கப் போன அன்று தையல்காரம்மாவிடம் கேட்டேன்: "உங்களுக்குத் தங்கச்சி உண்டாம்மா?" அவர் என் சட்டையை மடித்துக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவரைக் கூப்பிட்டார். வலது கையை அளந்தார், எழுதிக்கொண்டார்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது நீங்கள்தான். அவர் நாடாவோடு காத்திருக்கிறார்.

"ம், இப்ப இன்னொரு கையை நீட்டுங்க."