பக்கத்து இருக்கை சுவிட்ச்

லாரி டேஷ்போர்டில் சுவிட்சுக்குத் துளையை எங்கே போடுவது என்று மெக்கானிக் ஸ்பேனர் கேட்டபோது என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் தன் முழங்காலுக்கு நேர் எதிரே விரலை வைத்தார். அதாவது ஓட்டுகிறவர் பக்கம் இல்லை, பக்கத்து இருக்கைப் பக்கம். டிரில்லைக் கையில் பிடித்தபடி ஸ்பேனர் என்னைப் பார்த்தான். அவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், லாரி வைத்திருக்கிற எங்களில் யாருக்கும் அது தெரியாது. "அண்ணே, ஓட்டப்போறது அண்ணி. சுவிட்ச் அவங்க கைக்கு எட்டணும்ல" என்றான். "அவளுக்கு ஸ்டியரிங் இருக்கு, கியர் இருக்கு, காலுக்கு மூணு பெடல் இருக்கு. எனக்கு ஒண்ணாவது இருக்கட்டும்டா" என்றார் இவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸ்பேனரும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இவருக்கு முதல்முறை வலிப்பு வந்தது கல்குவாரியில், லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது. ஓட்டும்போது வராமல் நிற்கும்போது வந்ததை நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் முழுக்க வலிப்பே வராமல் இருந்தால் மறுபடி ஓட்டலாம், அதுவரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு லாரி ஓட்ட வரும். கல்யாணமான புதிதில் இவரே விளையாட்டாகப் பழக்கிவிட்டு, பிடிவாதமாக லைசென்ஸும் எடுக்கவைத்திருந்தார். அது சோறு போடும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. கிளம்பும்போது டாக்டர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்றில்லையாம். சில நேரம் கண் திறந்தபடியே ஆள் கொஞ்ச நேரம் இங்கே இல்லாமல் போய்விடுவாராம். வாய் சும்மா மெல்லும், கை எதையாவது நெருடும், தெளிந்ததும் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. அதுவும் கணக்கில் சேரும், கூட இருக்கிற நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்சக்கரங்களுக்கு லாக் போட வேண்டிவந்தது என்னால்; அதற்குத்தான் அந்தச் சுவிட்ச். குவாரியின் பள்ளத்திலிருந்து மேலே ஏறும் மண்பாதை, மழை பெய்தால் களிமண் குழம்பு. இவர் ஓட்டிய காலத்தில் வண்டியைத் தாஜா செய்து ஏற்றிவிடுவார். அந்தக் கைப்பக்குவம் எனக்கு இல்லை. நான் போனால் பாதி ஏற்றத்தில் ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றும், மறு சக்கரம் யாருக்கோ வந்த விருந்து என்று அசையாமல் நிற்கும். "அக்கா வண்டி வருது, சங்கிலிய எடுத்து வை" என்று மற்ற டிரைவர்கள் கேலி பேசுவார்கள், பிறகு அவர்களே இழுத்தும் விடுவார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று ஸ்பேனரிடம் கேட்டேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம் போதும். அதற்காக இரண்டையும் அதனதன் வேகத்துக்கு விட்டுவைக்கும் ஏற்பாடு பின் ஆக்ஸிலுக்கு நடுவில் இருக்கிறது. அதுதான் டிஃபரன்ஷியல். ஆனால் சேற்றில், எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே எல்லாச் சுழற்சியும் போய்விடும் என்றான். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது இரும்பிலும் அப்படித்தான் போலிருக்கிறது. லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும், வழுக்கினாலும் வழுக்காவிட்டாலும். ஆனால் கெட்டித் தரைக்கு வந்ததும் பூட்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி திரும்ப மறுக்கும், நேராகவே தள்ளிக்கொண்டு போகும் என்று அவன் அழுத்திச் சொன்னான். பூட்டியிருக்கும்போது கத்துகிற மாதிரி ஒரு பஸ்ஸர் வைக்கலாமா என்றும் கேட்டான். "நான் என்ன செத்தா போயிட்டேன், அது கத்துறதுக்கு" என்றார் இவர். பஸ்ஸருக்குப் பதில் அவருடைய சுவிட்சுக்கு மேலே சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. என் இருக்கையிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

ஆனாலும் அந்த மழைக்காலம் நன்றாகவே போனது. சொல்லப்போனால், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் சண்டை போடாமல் செய்த ஒரே வேலை அதுதான். பள்ளத்தின் வாயில் நான் வண்டியை நிதானிப்பேன். இவர் சுவிட்சைத் தட்டி, "பூட்டியாச்சு" என்பார். பின்னால் 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்டியரிங் சற்றே கனக்கும். வண்டி முனகிக்கொண்டு மேலே ஏறும். மேலே தார்ச்சாலை தொடங்கும் இடத்தில், "திறந்தாச்சு" என்பார். நான் "சரி" என்பேன். ஒருமுறை எடுக்கத் தாமதமாகி, டயர்கள் தரையில் பீரோவை இழுப்பதுபோலக் கத்தின. அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லித் தன்னையே கேலி செய்துகொண்டார். ரெண்டு டிரைவர் வண்டி என்று குவாரியில் எங்களுக்குப் பேர் வந்தது. வலிப்பு வந்த பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மனிதர், இப்போது எனக்கு முன்னால் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். மாத்திரையை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. வருஷம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கும் அது வேண்டியிருந்தது. என் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்துக்கொண்டிருந்தன. பக்கத்து இருக்கையில் சாய்ந்து ஒரு நாளாவது தூங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது யாருக்குத் தெரியும்?

அன்று மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பூட்டினார், ஏறினோம், தார்ச்சாலை வந்தது. "திறந்தாச்சு" வரவில்லை. ஏதோ நினைப்பில் இருக்கிறார் என்று எண்ணியபடி திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது, வாயில் ஒன்றுமில்லை. வலது கை தொடைமேல் துணியைப் பிடித்து நெருடிக்கொண்டே இருந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே யாரோ நடித்துக் காட்டியதுபோல் இருந்தது. நான் பார்த்தது ஒரு கணம்தான், அதற்குள் வளைவு வந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். முன்சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல் நேராகப் போய், சாலையைத் தாண்டி, மண்மேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. கல் உடைக்கிறவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போக வண்டிக்குக் காத்து நிற்கிற மேடு அது. மழைக்கு அன்று அவர்கள் சீக்கிரமே போயிருந்தார்கள். நான் இன்ஜினை அணைத்தேன். அப்போது பக்கத்தில் இவர் சுவிட்சைத் தட்டிவிட்டு, வழக்கமான குரலில் சொன்னார்: "திறந்தாச்சு."

பிறகு கண்ணாடி வழியே மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நான் தட்டிட்டேனே. லாக் விடல போலிருக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை தட்டியிருந்தார். "அடி எதுவும் படலையே?" என்று மட்டும் கேட்டேன்.

மழை விட்ட பிறகு, பட்டறையில் ஸ்பேனர் வண்டிக்கு அடியில் வெகுநேரம் கிடந்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, லாக்கில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றான். இவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தானோ என்னவோ, "ஆனா சில நேரம் இறுக்கத்துல விடாதுண்ணே. சுவிட்ச அணைச்சாலும் கொஞ்ச தூரம் பூட்டியே போகும், அப்புறம்தான் கழலும்" என்று சேர்த்துக்கொண்டான். அதுவும் உண்மைதான், அப்படி நடப்பதுண்டு. இவருக்கு உயிர் வந்துவிட்டது. ஸ்பேனரின் முதுகில் தட்டினார். டீ சொன்னார். டீ வருவதற்குள் இன்னொன்றும் சொன்னார். சுவிட்சை ஓட்டுகிறவர் பக்கம் மாற்றிவிடு, நீ முதலிலேயே சொன்னாய், நான்தான் கேட்கவில்லை, இன்னும் கொஞ்ச நாளில் நான் ஓட்டப்போகிறேன், அப்போது என் கைக்கு எட்ட வேண்டாமா என்றார். ஸ்பேனர் டிரில்லை எடுத்தான். டேஷ்போர்டிலிருந்து கறுப்புத் துருவல் சுருள் சுருளாக நான் உட்காரும் இடத்தில் விழுந்தது.

நான் டீ கிளாஸைப் பிடித்தபடி நின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். ஆனால் பூசணிக்காய் ஒன்று இருக்கிறது என்பதே ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்றால், மறைக்கக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சொன்னால் வருஷம் மறுபடி முதலிலிருந்து. அதைத் தாங்குவாரா என்று பயமாக இருந்தது. மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? சொல்லாவிட்டால், ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து, துணியை நெருடிக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி அதே வளைவுக்கு வருவார். மழையில்லாத ஒரு சாயங்காலம் வருவார். அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. பார்த்துச் சொல்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டு, இந்த மனிதர் நிம்மதியாக டீ குடிக்கிறாரே என்று.

வண்டியைச் சோதித்துப் பார்க்கலாம் என்று குவாரிச் சாலையிலேயே கிளம்பினோம். இவர் பேசிக்கொண்டே வந்தார். இனி என்னை வீட்டில் காலை நீட்டி உட்காரச் சொன்னார். தோளுக்குத் தைலம்கூட அவரே தேய்த்துவிடுவாராம். வளைவுக்குச் சற்று முன்னால் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தேன். வெயில் அடித்தது. மேட்டில் நாலைந்து பெண்களும் ஒரு கிழவரும் சம்மட்டிகளைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குக் காத்திருந்தார்கள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"அன்னிக்கு நீங்க சுவிட்ச தட்டல."

"ஸ்பேனர் சொன்னான்ல. கேட்டுட்டுதானே இருந்த?"

"அவன் வண்டியத்தான் பாத்தான். நான் உங்களப் பாத்தேன்."

நான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வாய் மென்றது, கை நெருடியது, வண்டி மேட்டில் நின்ற பிறகுதான் சுவிட்சைத் தட்டினார் என்பது. இடையில் எங்கும் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் மறுபடி எனக்குத் தைரியம் வராது. சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் எதிரே பார்த்தபடி, சுவிட்ச் இருந்த பழைய துளையில் விரல்நுனியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லப்போறியா?"

"நீங்க சொல்லுங்க. நான் கூட வர்றேன். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

கதவைத் திறந்து இறங்கினார். என் பக்கம்தான் சுற்றி வருகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. சாலையோரமாகவே நடந்தார். வளைவில் தாரைவிட்டு மண்ணில் இறங்கியிருந்த எங்கள் டயர்த் தடங்கள் காய்ந்து இறுகிப் போயிருந்தன, பார்த்தால் நேராக இருந்தன. அவற்றில் ஒன்றுக்குள் அடிமேல் அடிவைத்து, குனிந்து பார்த்தபடி போனார். தடம் முடிகிற இடத்தில், மேட்டின்மேல் ஒரு பெண் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பாதங்களுக்கு முன்னால் நின்றுவிட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவரும் வண்டிக்குத்தான் வந்து நிற்கிறார் என்று நினைத்திருப்பாள். தன் சம்மட்டியை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நகர்ந்து, அவருக்கு உட்கார இடம் கொடுத்தாள்.