அழுத்தத் திருகு

ஆப்பிள் பை சுடும் தட்டின் நடுவில் எஞ்சினை வைத்து, தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள் மேவிஸ். இரண்டு தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அந்த எஞ்சின்.

"எத்தனையில வச்ச?" என்று முன்னறையிலிருந்து நார்மன் கேட்டார்.

"நூறு."

"இருபது நிமிஷம் போதும். அது ஆட்டுக்கறி இல்ல."

"அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத ஆளு எனக்குச் சொல்லிக் கொடுக்குறாரு" என்றாள். முன்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பாக இருக்கலாம், இருமலாகவும் இருக்கலாம்.

பிப்ரவரியில் கட்டிலைக் கீழே இறக்கி முன்னறையில் போட்டிருந்தார்கள். இது ஏப்ரல். இனி நாட்கணக்குதான் என்று திங்கட்கிழமை டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு முந்தின நாள்தான் நார்மன் பரணைக் காட்டி, "அத எறக்கு" என்றார். எது என்று அவள் கேட்கவில்லை. பரணில் அப்படிச் சொல்லும்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

மூன்றடி நீளம், மஞ்சளும் வெள்ளையும் அடித்த மரப்பலகை உடம்பு, அடியில் சுற்றிலும் ரப்பர் துணிப் பாவாடை. ஈஸ்ட் கவ்ஸ் பட்டறையில் நார்மன் ஃபிட்டராக இருந்தபோது அங்கே பெரிய ஹோவர்கிராஃப்டுகள், அடியில் காற்றை ஊதித் தண்ணீரிலும் தரையிலும் மிதந்து ஓடும் வண்டிகள், உருவாகிக்கொண்டிருந்தன. பகல் முழுவதும் பெரியதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் இந்தச் சின்னதைச் செய்தார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில். கடைசியாக அது ஓடியது எழுபத்து நாலில். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே காய்ந்து, வார்னிஷ் மாதிரி இறுகி, பிஸ்டனைப் பிடித்துக்கொண்டது.

நார்மனின் விரல்களில் இப்போது ஸ்பேனர் நிற்காது. அதனால் அவர் சொல்லச் சொல்ல மேவிஸ்தான் செவ்வாய்க்கிழமை எஞ்சினைப் பிடித்திருந்த நான்கு நட்டுகளையும் கழற்றினாள். மூன்றாவது நட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் இருவரும் இரண்டு முறை சண்டை போட்டுக்கொண்டார்கள்.

இருபது நிமிஷம் ஆனதும் எஞ்சினைத் துணியில் பிடித்து எடுத்துவந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தண்டைத் திருகிப் பார்த்தாள்.

"அசையுதா?"

"இல்ல."

"ஒரு மயிரிழை?"

"இல்ல நார்மன்."

"அப்ப இன்னொரு இருபது." தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே எஞ்சினைப் பார்த்தார். "மேல ஒரு ஓட்ட இருக்கு பாரு. அதுல ஒரு திருகு இருக்கணும், தலையில குறுக்குக் கம்பி வச்சது. அழுத்தத்த ஏத்தி எறக்குறது அதுதான். அது இல்லேன்னா நீ எத்தன தடவ சூடு பண்ணினாலும் ஓடாது."

மேவிஸ் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லதான் எங்கயாவது இருக்கும்" என்றார் நார்மன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "தேடிப் பாரு. அவசரம் ஒண்ணும் இல்ல."

"பாக்குறேன்."

எஞ்சினைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். டைமரைத் திருகி வைத்தாள். பிறகு வாசல் நடைக்குப் போய், கதவருகே மாட்டியிருந்த தன் குளிர்கால கோட்டின் உள்பைக்குள் கையை விட்டாள்.

எழுபத்து நாலு ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு வயது ஜில் தோட்டச் சுவரிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். நார்மன் ரைட் ஊர்க் குளத்தில் ஹோவர்கிராஃப்ட் விட்டுக்கொண்டிருந்தார். எல்லா ஞாயிறும் அங்கேதான் இருப்பார். வீட்டில் போன் இல்லாத காலம். மேவிஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி நியூபோர்ட் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பஸ் ஒவ்வொரு முறை குலுங்கியபோதும் ஜில் கத்தினாள். சாயங்காலம் நார்மன் சீட்டியடித்தபடி வந்தார். மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு மேவிஸ் எஞ்சினின் தலையிலிருந்த அந்தத் திருகைக் கழற்றி எடுத்தாள். எறிந்துவிடத்தான் நினைத்தாள். குப்பைத் தொட்டி வரை போனவள், ஏனோ கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

நார்மன் மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினார். தரைவிரிப்பைக்கூடத் தூக்கிப் பார்த்தார். நாலாவது ஞாயிறு ஜில்லைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார், அதற்கடுத்த ஞாயிறும் போனார். ஹோவர்கிராஃப்ட் பரணுக்குப் போயிற்று. அதன்பின் அவர் அந்தத் திருகைப் பற்றிப் பேசியதே இல்லை. மேவிஸும் பேசவில்லை. கோட்டு பழசாகிப் புதுசு வாங்கும்போதெல்லாம் திருகும் இடம் மாறியது. இது நாலாவது கோட்டு.

திருகைக் கைக்குள் மூடிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நார்மன் கண்ணை மூடியிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்ததும் என்ன சொல்வது என்று யோசித்தாள். 'இதோ, கெடச்சிடுச்சு' என்று மட்டும் சொல்லலாம். எங்கே என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான். அவர் ஒரு மூச்சு விட்டார். அடுத்ததற்கு நேரம் எடுத்தது. அதற்கு அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். மேவிஸ் அவர் மார்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சமையலறையில் டைமர் அடித்தது.

எத்தனை மணிக்கு என்று பின்னால் டாக்டர் கேட்டபோது பத்து நாற்பது என்று சொன்னாள். டைமர் அடித்தது அப்போதுதான். கடைசி மூச்சு எது என்று அவளுக்குத் தெரியாது.

பதினோரு மணிக்கு வழக்கம்போல நர்ஸ் பெர்னடெட் பின்கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். "ஒரே விளக்கெண்ணெய் வாசனையா இருக்கே, என்ன மா சமைக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே முன்னறைக்குள் நுழைந்தவள் நின்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு நார்மனின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மேவிஸின் தோளைத் தொட்டாள்.

"எவ்வளவு நேரமா இப்பிடியே உக்காந்திருக்கீங்க?"

"அடுப்புல எஞ்சின் இருக்கு" என்றாள் மேவிஸ்.

பெர்னடெட் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி மா. நீங்க போய் அதப் பாருங்க. நான் டாக்டருக்கு போன் பண்றேன்."

மேவிஸ் எஞ்சினை வெளியே எடுத்தாள். துண்டில் பிடித்துத் தண்டைத் திருகினாள். முதலில் அசையவில்லை. பிறகு பிசின் விடுவது மாதிரி ஒரு சின்ன இழுப்பு, அப்புறம் முழுச் சுற்று. இன்னொரு சுற்று. மேவிஸ் முன்னறைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

கடலுக்கு அக்கரையில் சவுத்தாம்ப்டனில் இருந்த ஜில்லுக்கு போன் செய்து சொன்னாள். ஜில், "அடுத்த படகப் புடிக்கிறேன் மா. நீ தனியாவா இருக்க?" என்றாள்.

"இல்ல. வேல இருக்கு."

"என்ன வேல?"

"நீ வா."

டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒன்றரை மணிக்கு உடலை எடுத்துப்போக இரண்டு ஆட்கள் கறுப்புக் கோட்டில் வந்தார்கள். மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கட்டுமா என்று பெரியவர் கேட்டார். "போட்டிருக்கட்டும்" என்றாள் மேவிஸ். வாசல் நடை குறுகல். அவர்கள் திரும்புவதற்கு வசதியாகக் கோட்டுகளையெல்லாம் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

வண்டி போனதும் உள்ளே வந்து, நான்கு நட்டுகளையும் போட்டு எஞ்சினைப் பழைய இடத்தில் பொருத்தினாள். மேலே திருகைச் சுழற்றி இறக்கினாள். அது எளிதாக இறங்கியது.

சரியாக இரண்டு மணிக்கு வில்ஃப் வந்தார். நார்மனோடு பட்டறையில் வேலை பார்த்தவர், குளத்திலும் கூட நின்றவர். செய்தித்தாளில் சுற்றிய ஜாம் பாட்டில் ஒன்றைக் கையில் பிடித்திருந்தார்.

"ஈதரும் எண்ணெயும் அளந்து கலந்து கொண்டாந்திருக்கேன். எங்க அந்தக் கெழவன்? முழிச்சிருக்கானா?"

"காலையில போயிட்டாரு வில்ஃப்."

வில்ஃப் பாட்டிலை இன்னொரு கைக்கு மாற்றினார். தொப்பியை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பவும் போட்டுக்கொண்டார். "ரெண்டு மணிக்கு வரச் சொன்னான்" என்றார்.

"தெரியும். உள்ள வா."

மேஜையில் இருந்த ஹோவர்கிராஃப்டை வில்ஃப் சுற்றி வந்து பார்த்தார். குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"திருகு கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

மேவிஸ் மேஜைத்துணியின் ஓரத்தை நேராக்கினாள். "என் கோட்டுப் பையில."

வில்ஃப் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "நான் ஒண்ணு தரேன்னு அப்பவே சொன்னேன். எங்கிட்ட மூணு இருந்துச்சு. எந்தக் கடையிலயும் கெடைக்கும். வேணாம்னுட்டான். அது காணாமப் போகலடா, வீட்லதான் இருக்குன்னான்."

"எப்ப சொன்னாரு?"

"எப்பவா? அந்த வருஷமே. உன் பொண்ணு கையில கட்டுப் போட்டிருந்தாளே, அப்ப." வில்ஃப் பாட்டிலைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். "சரி, வீட்ல இருந்தா தேடி எடுத்துக்கிட்டு வாயேண்டான்னேன். எடுத்தவங்க எப்பக் கொடுக்கணும்னு நெனக்கிறாங்களோ அப்பக் கொடுக்கட்டும்னான். எனக்கு ஒண்ணும் புரியல. சரி, அவன் வீட்டு வெவகாரம்னு விட்டுட்டேன்."

மேவிஸ் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தாள். ஹோவர்கிராஃப்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். வில்ஃப் மறுமுனையைப் பிடித்தார்.

கொல்லை முழுக்கப் பூ. பக்கத்து வீட்டுப் பேரி மரம் சுவரைத் தாண்டி வந்து சிமெண்டுத் தரையை வெள்ளையாக்கியிருந்தது. நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். வில்ஃப் தொட்டியில் எரிபொருளை ஊற்றினார். தண்டின் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி நுனியை அவளிடம் கொடுத்தார்.

"நானா?"

"என் தோள்பட்ட போயி அஞ்சு வருஷமாச்சு. சட்டுனு இழு. யோசிக்காத."

இழுத்தாள். ஒன்றுமில்லை. வில்ஃப் குறுக்குக் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பினார். மறுபடி இழுத்தாள். ஒரு இருமல், கொஞ்சம் நீலப் புகை. ஆறாவது தடவை கயிறு அவள் விரலை அறுத்தது. ஏழாவது தடவை பிடித்துக்கொண்டது.

இவ்வளவு சத்தம் வரும் என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். பாவாடை உப்பியது. தரையிலிருந்து அரை அங்குலம் எழும்பிய ஹோவர்கிராஃப்ட், பிடிப்பார் யாருமில்லாமல் மெல்ல நகர்ந்தது. சுவரில் முட்டி, சோம்பலாகத் திரும்பி, வேறு பக்கம் போயிற்று. பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் ஒன்று திறந்தது.

"எப்பிடி நிறுத்துறது?" என்று மேவிஸ் கத்தினாள்.

"தானா நிக்கும்" என்று வில்ஃப் கத்தினார். "எண்ணெய் தீரட்டும்."

நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு நிமிஷம் ஓடியது. பிறகு சத்தம் ஏறி, விக்கி, நின்றது. பாவாடை தளர்ந்து உட்கார்ந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது.

இருவருமாக ஹோவர்கிராஃப்டை உள்ளே தூக்கி வைத்தார்கள். வில்ஃப் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசல்வரை போய் நின்று, ஏதோ சொல்ல வந்து, "நல்லா ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

ஜில் வந்தபோது மணி நாலாகியிருந்தது. முன்னறையில் காலிக் கட்டிலைப் பார்த்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு முகம் கழுவச் சமையலறைக்குப் போனவள், ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தபடி நின்றாள். வெள்ளைப் பூவுக்கு நடுவே ஒன்றரை அடி அகலத்துக்குச் சுத்தமான சிமெண்டுத் தடம் ஒன்று, சுவர் வரை போய், வளைந்து, திரும்பி, எங்கெங்கோ போய் நின்றிருந்தது.

"யாரும்மா பெருக்கினது?" என்றாள் ஜில். "பாதியில விட்டிருக்கு."

மேவிஸ் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே தடத்தின் மேல் ஒன்றிரண்டு இதழ்கள் விழ ஆரம்பித்திருந்தன.